சொந்தத் திடல் இல்லாத சாம்பியன்கள்

நண்பர்களே,

இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் கிராட்லி ஹீத் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சங்கிலிப் பட்டறைகளால் பெயர் பெற்ற ஊர். 1910இல் அங்கே சங்கிலி அடித்த பெண்கள் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து குறைந்தபட்சக் கூலியை வென்றெடுத்தார்கள். அந்த உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை மாலைகளில் கூடிய இடம் டட்லி வுட் திடல். 1947இல் அங்கே தொடங்கியதுதான் கிராட்லி ஹீதென்ஸ் ஸ்பீட்வே அணி.

ஸ்பீட்வே நமக்குப் பழக்கமில்லாத பந்தயம். 500 சி.சி. மோட்டார் சைக்கிள், பிரேக் கிடையாது, ஒரே கியர், மெத்தனால் எரிபொருள். நான்கு பேர் நான்கு சுற்று. திருப்பத்தில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் உரசிக்கொண்டே பாய்வார்கள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல் மூவருக்கு மூன்று, இரண்டு, ஒன்று எனப் புள்ளிகள். கடைசியில் வந்தவருக்கு ஒன்றுமில்லை.

இந்தச் சிற்றூர் அணியின் வீரர்கள் மூவர் 1981க்கும் 1991க்கும் இடையில் ஆறு உலகப் பட்டங்களை வென்றார்கள். கலிஃபோர்னியாக்காரர் புரூஸ் பென்ஹால் 1981இலும் 1982இலும் வென்றார். இரண்டாவது வெற்றியோடு பந்தயத்தை விட்டுத் தொலைக்காட்சியில் நடிக்கப் போய்விட்டார். ரசிகர்களின் மனத்தாங்கல் நியாயமானதுதான்! டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் மூன்று முறை வென்றவர். 1989இல் பிராட்ஃபோர்டில் நேர்ந்த விபத்து அவரைப் படுக்கையில் தள்ளியது. மீண்டும் நடக்கக் கற்றுக்கொண்டார், பந்தயத்துக்குத் திரும்ப முடியவில்லை. 1991இல் யான் பெடர்சன்.

இத்தனை புகழ் இருந்தும் அணி ஏன் அழிந்தது? கூட்டம் குறைந்துவிட்டது என்பார்கள். குறைந்தது உண்மைதான், ஆனால் அது எல்லா அணிகளுக்கும் நேர்ந்தது. கிராட்லியைச் சாய்த்தது காலடி நிலம் என்பேன். திடல் அணியின் கையில் இல்லை. 1995 பருவத்தோடு டட்லி வுட்டில் பந்தயம் நின்றது. அந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன. 1996இல் ஸ்டோக் அணியின் திடலில் ஒண்டிக்கொண்டு ஓடினார்கள். அதே ஆண்டு இந்த அணியின் பில்லி ஹாமில் உலக சாம்பியனானார்! அந்தப் பருவம் முடிந்ததும் அணி கலைந்தது.

2010இல் டட்லி ஹீதென்ஸ் என்ற பெயரில் கீழ்நிலை லீக்கில் மீண்டும் எழுந்தார்கள். பிறகு பழைய பெயரும் திரும்பியது. ஓடுவதற்கு இடம்? பரம வைரியான வால்வர்ஹாம்ப்டன் அணியின் திடலைத்தான் பகிர்ந்துகொண்டார்கள்.