அடுத்தவர் வலியும் நம் மூளையும்
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என்னைச் சிக்கலில் மாட்டிவிட்ட பேராசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய நூலகர் அவர்களே, பின்னால் நின்றபடியே கேட்கும் தாய்மார்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

தியானமும் மூளை ஆராய்ச்சியும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசுவேன். பிறர் வலியை உணர்வது, கருணை, 'நான்' என்ற நினைப்பு.

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.' நான் எந்த மேடையிலும் விடாத பழமொழி. 2004இல் லண்டனில் மூளை ஆராய்ச்சியாளர் டானியா சிங்கர் குழுவினர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 16 ஜோடிகள். பெண் எம்.ஆர்.ஐ. கருவிக்குள், அவருடைய துணைவர் பக்கத்தில். துணைவரின் கையில் சுரீரென்று மின்சாரம் வைத்தால், பெண்ணின் மூளைக்குள் இன்சுலா என்றொரு பகுதி இருக்கிறதே, அதன் முன்பக்கம் துடிக்கிறது. தனக்கே வலித்தாலும் துடிக்கும் இடம் அது. ஆனால் வலி எங்கே என்று காட்டும் பகுதி அசையவில்லை. ஆக, பழமொழி பாதி சரி!

1992இல், திபெத்திய பௌத்தத் துறவிகள் வாழும் இமயமலை ஊரான தர்மசாலாவில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ரிச்சர்ட் டேவிட்சன், ஃபிரான்சிஸ்கோ வரேலா முதலான மூளை ஆராய்ச்சியாளர்கள், துறவிகளின் கருணையை அளக்க மூட்டை மூட்டையாகக் கருவிகளோடு வந்து இறங்கினார்கள். மலையில் தனித்திருந்த மூத்த துறவிகளைத் தேடி மூச்சிரைக்க ஏறினார்கள். துறவிகளோ பிடிகொடுக்கவில்லை. சரி, மடத்துத் துறவிகளுக்காவது செய்து காட்டுவோம் என்று வரேலாவையே உட்காரவைத்து, தலை முழுக்க மின்முனைகளை ஒட்டினார்கள். மறைத்து நின்றவர்கள் விலகியதும் கூடமே கொல்லென்று சிரித்தது. தலையில் ஒயர் தொங்கும் கோலத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார் டேவிட்சன். அப்புறம்தான் தெரிந்தது. கருணையை அளக்க வந்தவர்கள் நெஞ்சில் ஒட்டாமல் தலையில் ஒட்டுகிறார்களே என்றுதான் அந்தச் சிரிப்பு! (கைதட்டல்)

அடுத்தது மத்தியூ ரிக்கார். பாரிஸில் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுப் பௌத்தத் துறவியானவர். 2007இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் அவரைக் கருவிக்குள் படுக்கவைத்த சிங்கர், துன்பப்படுவோரின் வலியை மட்டும் உணருங்கள், அவர்கள் நலம்பெற அன்போடு நினைக்கும் கருணைத் தியானம் வேண்டாம் என்றார். ருமேனிய அனாதை இல்லக் குழந்தைகளை நினைத்துக்கொண்டார் ரிக்கார். சிறிது நேரத்திலேயே துவண்டுபோனார். கருணைத் தியானத்துக்கு மாறியதும் தெம்பு திரும்பியது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறு. பின்னர் சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்தபோதும் அப்படித்தான். பிறர் வலியில் மூழ்கும் பயிற்சி வேதனையைக் கூட்டியது. கருணைப் பயிற்சி அதைத் தணித்தது.

இப்போது நம் செவிலியர்களை நினைத்துப் பாருங்கள். அப்படித் துன்பப்படுவோரைத் தினமும் நேரில் பார்ப்பவர்கள் அவர்கள். இரவுப் பணி முடிந்தால் சாய்ந்துகொள்ள ஓர் அறை உண்டா? இதைக் கேட்டால், தியானம் செய்யச் சொல்லுங்கள் என்கிறார்கள் சில அதிகாரிகள்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் ஐயா. ரிக்காருக்கே தாங்கவில்லை, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்குத் தாங்குமா? முதலில் ஓய்வறை, போதிய ஆட்கள், மனநல ஆலோசகர். தியான வகுப்பு அதற்கப்புறம் வரட்டும்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். 'நான்' என்கிற மூன்றாவது விஷயத்தை இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். வாசலில் ஓய்வறை கேட்கும் மனு இருக்கிறது. கையெழுத்தோடு முகவரியும் எழுதுங்கள்; போன முறை முகவரி இல்லை என்றே திருப்பிவிட்டார்கள். நகர்மன்றத் தலைவர் அம்மாவே முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.