லண்டன்ல ‘லே மிஸராப்ள்’: வார்த்தை தப்பினாலும் மெட்டை விடாதீங்க

[திரையில்: ‘ஏழை படும் பாடு’ படக் காட்சி]

பழைய தமிழ் நடிகர் ஜாவர் சீதாராமன் பேர்ல இருக்கிற ‘ஜாவர்’ எங்கேர்ந்து வந்தது தெரியுமா? 1950-ல வந்த ‘ஏழை படும் பாடு’ படத்துல அவர் நடிச்ச போலீஸ் இன்ஸ்பெக்டரோட பேரு அது. அந்த இன்ஸ்பெக்டர் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862-ல எழுதின ‘லே மிஸராப்ள்’ நாவலோட ஆளு, அங்கே அவர் பேரு ஜாவேர். சுத்தானந்த பாரதியார் தமிழுக்குக் கொண்டுவந்த அதே நாவல்தான். அந்த நாவலை வெச்சுப் போட்ட இசை நாடகத்துல, லண்டன் மேடையில அந்த ஜாவேர் 1985 அக்டோபர் 8-ல பாட ஆரம்பிச்சார். பார்பிகன் அரங்கத்துல தொடங்கி, பேலஸ் தியேட்டர் போய், 2004-லேர்ந்து ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூல. குயின்ஸ் தியேட்டர்னு இருந்த அந்த இடத்துக்கு இப்போ சோண்ட்ஹெய்ம் தியேட்டர்னு பேரு.

[திரையில்: 1815 – 1823 – 1832]

முதல் விஷயம், இதுல வசனமே கிடையாதுன்னு சொல்லலாம். இடைவேளையோட சேர்த்து மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, முழுக்கப் பாட்டு. இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்சவங்களுக்கே கூட்டமாப் பாடும்போது பாதி வார்த்தை நழுவிடும். அதனால மூணு வருஷத்தை மனசுல வெச்சுக்கிட்டுப் போங்க. ரொட்டி திருடி உள்ளே போன கதாநாயகன் வல்ஜான், 19 வருஷத்துக்கு அப்புறம் 1815-ல ஜெயில்லேர்ந்து வெளியே வர்றான். 1823-ல அதே ஆள் வேற பேர்ல ஒரு ஊருக்கு மேயர். 1832-ல பாரிஸ்.

அந்தப் பாரிஸ் காட்சியில வர்றது பிரெஞ்சுப் புரட்சி இல்ல. அது 1789. இது மக்களுக்குப் பிடிச்ச ஜெனரல் லமார்க்கோட சவ ஊர்வலத்துல வெடிச்சு, ஜூன் 5, 6 ரெண்டே நாள்ல நசுக்கப்பட்ட கிளர்ச்சி. இது தெரியாம உட்கார்ந்தா, கிளர்ச்சியில இறங்கற மாணவர்கள் ஏன் தோத்துப்போறாங்கன்னு குழம்பிடுவீங்க.

[திரையில்: ரெண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கி]

இப்போ மெட்டுக்கு வருவோம். அவ்வளவு பெரிய நாவலை இந்த நேரத்துக்குள்ள அடக்க முடிஞ்சதே, இசையமைப்பாளர் கிளோட்-மிஷேல் ஷோன்பெர்க் ஒரே மெட்டை வேற வேற ஆள் வாயில திரும்ப வைக்கிறதாலதான்.

ஆரம்பத்துல வெள்ளிச் சாமானைத் திருடின வல்ஜானைப் போலீஸ் இழுத்துட்டு வருது. பிஷப் கோபப்படல. “மெழுகுவர்த்தித் தாங்கியை மறந்துட்டுப் போயிட்டியே”ங்கிற மாதிரி அதையும் எடுத்துக் கொடுக்கிறார். வல்ஜான் தனியா நின்னு தன்னையே கேள்வி கேட்டுப் பாடி, பழைய கைதிங்கிற சீட்டைக் கிழிச்சுப் போடறான். ரெண்டாம் பாதியில அதே மெட்டு மறுபடி வரும். இந்தத் தடவை பாடறது ஜாவேர். தான் வேட்டையாடின வல்ஜானே தன்னைக் கொல்லாம உயிரோட விட்டுட்டான். அதை அவரால தாங்க முடியல. ஒரே மெட்டு, ஒரே மாதிரி கிடைச்ச கருணை. ஒருத்தன் புது ஆளாகிறான், இன்னொருத்தர் பாலத்துலேர்ந்து குதிக்கிறார். எங்களைக் கேட்டா, நாடகத்தோட உயிரே இந்த ஜோடிதான்.

பிஷப் வீட்டுக்குள்ள கூப்பிடும்போது பாடற மெட்டையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. நண்பர்களெல்லாம் செத்தப்புறம், காலி நாற்காலிகளுக்கு நடுவுல, அந்த மாணவர்கள்ல ஒருத்தனான மாரியஸ் பாடறது அதே மெட்டுதான்.

முதல் பாதி முடியற பாட்டுல ஆறேழு பேர் ஒரே நேரத்துல பாடுவாங்க. எல்லாத்தையும் பிடிக்கப் பார்க்காதீங்க. வல்ஜான் வளர்க்கிற பொண்ணு கோசெட்டை மட்டும் கவனிங்க. அவ காதல் பாட்டு, செத்துப்போன அவ அம்மா ஃபான்டீன் கனவு உடைஞ்சு பாடின மெட்டு.

இதுக்குத் தயாராக ஒரு வழி: 1995-ல ராயல் ஆல்பர்ட் ஹால்ல நடந்த பத்தாம் ஆண்டுக் கச்சேரிப் பதிவைப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கேளுங்க. வாசிச்சுக்கிட்டே பார்க்கணும்னா, வரிகள் திரையில ஓடற ‘கேப்ஷன்டு’ காட்சி சில நாள் உண்டு. அந்தத் தேதியைப் பார்த்து புக் பண்ணுங்க.

[திரையில்: அரங்க வரைபடம்]

சீட்டுக்கு முதல் மாடி, அதாவது டிரஸ் சர்க்கிள், முன்வரிசை நடுப்பகுதி. கீழே ஸ்டால்ஸ்ல கடைசி வரிசைகள்ல முதல் மாடி தலைக்கு மேல நீட்டிக்கிட்டு வரும். மாணவர்கள் தெருவை மறிச்சுக் கட்டற தடுப்பரணோட உச்சி மறையும். ‘ரெஸ்ட்ரிக்டட் வியூ’ன்னு போட்டிருந்தா கம்பியோ தூணோ குறுக்கே வரும், விலை குறைவா இருக்கிறது அதனாலதான். மேல்மாடி செங்குத்தா இருக்கும், முழங்கால் வலி உள்ளவங்களுக்கு வேணாம்.

பழைய வடிவத்துல இருந்த சுழல்மேடையைத் தேடாதீங்க. 2019 டிசம்பர்லேர்ந்து நடக்கிற வடிவத்துல அது இல்ல. அதுக்குப் பதிலா ஹியூகோவே வரைஞ்ச ஓவியங்களை வெச்சு உருவாக்கின திரைக்காட்சிகள். சுழல்மேடையில தடுப்பரண் மெதுவாத் திரும்பி, பின்பக்கம் செத்துக் கிடக்கிறவங்களைக் காட்டும். அது ஒரு பெரிய இழப்புதான்.

அரை மணி முன்னாடி போயிடுங்க. பிக்காடிலி சர்க்கஸ் ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்ச நேர நடை. பை சோதனை உண்டு. தாமதமானா உடனே உள்ளே விடமாட்டாங்க, சரியான இடைவெளி வர்ற வரைக்கும் நிக்கணும். அதுக்குள்ள பிஷப் காட்சி போயிடும். அப்புறம் மேலே சொன்ன ரெண்டு மெட்டுமே உங்களுக்கு அர்த்தப்படாது. முதல் பாதிதான் நீளம், அதனால உட்காரறதுக்கு முன்னாடியே கழிவறைக்குப் போயிட்டு வந்துடுங்க. துப்பாக்கிச் சத்தம், புகை, பளிச்பளிச்னு வெளிச்சம் இருக்கு. சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே சொல்லி வைங்க.

கடைசிக் காட்சியில, வயசான வல்ஜான் பக்கத்துல அந்த ரெண்டு மெழுகுவர்த்தித் தாங்கியும் இருக்கான்னு பாருங்க.