பீசி படிக்காத மேக் ஃப்ளாப்பி

[காட்சி: சேலம் செவ்வாய்ப்பேட்டை. அச்சக மேசையில் தூசி தட்டிய ஃப்ளாப்பிப் பெட்டி.]

வணக்கம். அச்சகத்துப் பரணில் இருந்து இறங்கிய 3.5 அங்குல ஃப்ளாப்பிகள் இவை. யூஎஸ்பியில் மாட்டும் ஃப்ளாப்பி ட்ரைவில் ஒன்றைப் போடுகிறேன். 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கிறது. தயவுசெய்து சரி என்று அழுத்திவிடாதீர்கள். டிஸ்க் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. ஆப்பிளின் மேக் கணினியில் எழுதியதாக இருக்கலாம்.

[காட்சி: ஃப்ளாப்பியின் மூலைகள், மிக அருகில்.]

இரண்டு மூலையிலும் ஓட்டை இருந்தால் அது 1.44 எம்பி டிஸ்க். மேக்கில் எழுதியிருந்தாலும் இதே யூஎஸ்பி ட்ரைவில் இமேஜ், அதாவது முழு டிஸ்க்கின் நகல், எடுத்துவிடலாம். ஒரே ஓட்டை என்றால்தான் சிக்கல்.

[காட்சி: சுழலும் டிஸ்க், வரைபடம்.]

ஒரே ஓட்டை டிஸ்க்கில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், அதாவது வட்டப் பாதை; தடத்தை வெட்டிய துண்டுதான் செக்டார், ஒவ்வொன்றிலும் 512 பைட். அதுவரை பீசியும் மேக்கும் ஒன்றுதான். பீசி ட்ரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று என்று ஒரே வேகத்தில் ஓடும். எல்லாத் தடத்திலும் 9 செக்டார். மொத்தம் 720 கே. ஆனால் வெளித்தடம் நீளமாயிற்றே, அதிலும் ஏன் வெறும் 9? ஆப்பிள்காரர்கள் வெளியே 12 வைத்தார்கள்; உள்ளே வர வர 11, 10, 9, 8. அதற்கேற்ப ட்ரைவின் வேகமும் மாறும். அதே டிஸ்க்கில் 800 கே! கெட்டிக்காரத்தனம்தான், அவஸ்தை நமக்கு. போதாக்குறைக்கு, பிட்டுகளை எழுதும் முறையும் வேறு: மேக்கில் ஜிசிஆர், பீசியில் எம்எஃப்எம். பீசியில் ட்ரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்புக்கு ஜிசிஆர் சுத்தமாகப் புரியாது.

1988 முதல் மேக்கில் வந்த புது ட்ரைவ் பீசி டிஸ்க்கையும் படித்தது. பீசி பதிலுக்கு எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அப்படியானால் இந்த 800 கே டிஸ்க்கை என்ன செய்வது? பழைய மேக் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கிரீஸ்வீசில் என்ற சின்ன போர்டு இருக்கிறது. பழைய பீசியில் இருந்து கழற்றிய சாதாரண ட்ரைவில் மாட்டினால் போதும். அது செக்டாரைத் தேடாது; காந்தத் துடிப்புகளை அப்படியே பதிவு செய்யும். பிரித்துப் படிப்பது மென்பொருளின் வேலை.

ஏற்காட்டு வீட்டில் கிடந்த பெட்டி என்றால் முதலில் டிஸ்க்கின் ஷட்டரை, அந்தச் சறுக்கும் மூடியை, தள்ளிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. ட்ரைவில் போட்டால் படிக்கும் ஹெட் அழுக்காகி, அடுத்த டிஸ்க்கையும் கீறிவிடும்.

[காட்சி: திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.]

சரி, கோப்பு வந்துவிட்டது. தமிழ் எங்கே? யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்கள் பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. அந்த ஃபான்டும் வேண்டும். மேக் ஃபான்டை வெறுமனே பீசி டிஸ்க்கில் காப்பி செய்தால் பீசியில் 0 பைட் என்று காட்டும். மேக் கோப்புக்கு இரண்டு பகுதி, ஃபான்ட் இருப்பது பீசிக்குத் தெரியாத பகுதியில். மேக்கிலேயே ஸ்டஃப்இட் என்ற சுருக்கும் மென்பொருளில் சுருக்கி, அப்புறம் காப்பி செய்யுங்கள்.