ஏறெடுத்தும் பார்க்காத வேலை

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஊழியர்களுக்கு ஊக்கம் இல்லை என்ற பேச்சு எடுத்தால், அது உடனே சம்பளத்தில் போய் நிற்கிறது. சம்பளம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கை நிறையச் சம்பளம் வாங்கும் இடத்திலும் பலர் கடனே என்று வேலை பார்க்கிறார்களே, அது ஏன்?

டான் ஏரியலி, எமிர் கமெனிகா, டிராசன் பிரெலெக் என்ற மூவர் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாள் முழுக்க எழுத்துகள். அதில் கலந்துகொண்டவர்கள், ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் பணம் உண்டு, ஆனால் தாளுக்குத் தாள் அது குறைந்துகொண்டே போகும். போதும் என்று தோன்றினால் எழுந்துவிடலாம். ஒரு குழுவினர் பெயர் எழுதிக் கொடுத்த தாளை, வாங்கியவர் மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு அடுக்கில் வைத்தார். இன்னொரு குழுவின் தாளைப் பார்க்காமலே அடுக்கில் வைத்தார். மூன்றாவது குழுவின் தாளை அவர்கள் கண்ணெதிரிலேயே இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக்கினார்.

முதல் குழு சராசரியாக 9 தாள்கள் வரை செய்தது. தாள் துண்டானவர்கள் 6 சொச்சத்தில் நிறுத்திக்கொண்டார்கள். சரி, இது எதிர்பார்த்ததுதான். ஆனால், யாரும் பார்க்காத அந்த நடுக்குழு? அவர்களும் 7ஐ எட்டவில்லை. உழைப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் கண்முன்னே அழிப்பதற்கும் நடுவே அவ்வளவு குறைந்த இடைவெளிதான். இத்தனைக்கும், சரிபார்க்க ஆள் இல்லாததால் அவர்கள் ஏனோதானோவென்று முடித்துப் பணத்தை வாங்கியிருக்கலாம். அப்படியும் எழுந்து போனார்கள்.

இனி அலுவலகத்துக்கு வருவோம். வெள்ளி மாலை, வீட்டுக்குக் கிளம்பும் நேரம். "திங்கள் காலை முதல் வேலையாக இது என் மேஜையில் இருக்கணும்" என்று ஒரு பெண் ஊழியரிடம் சொல்கிறார் மேலாளர். அந்தப் பெண் சனி, ஞாயிறு இரண்டையும் விட்டுக்கொடுத்து அறிக்கையை முடித்து அனுப்புகிறார். புதன்கிழமை கூட்டத்தில் அதே மேலாளர், "அதை அனுப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார். அவர் குரலை உயர்த்தவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் அடுத்த முறை அவசரம் என்று சொன்னால் அந்தப் பெண் நம்பமாட்டார். நான்காம் பக்கத்துக் கணக்கை இரண்டாவது முறை சரிபார்க்கவும் மாட்டார். யார் பார்க்கப் போகிறார்கள்?

இதைவிட மோசமான நடத்தைகளும் உண்டு. பத்துப் பேர் முன்னால் குறை சொல்வது, ஊழியரின் யோசனையை மேலிடத்தில் தன்னுடையதாகச் சொல்வது. அவை கொடுமை என்று எல்லோருக்கும் தெரியும், புகாரும் வரும். கண்டுகொள்ளாமல் விடுவதற்கு எந்தப் புகாரும் வராது. அதனால்தான் எனக்கு இதில் கவலை அதிகம்.

"எல்லோரையும் பாராட்டிக்கொண்டே இருக்க முடியுமா?" என்று மேலாளர்கள் கேட்கிறார்கள். அந்தச் சோதனையில் யாரும் யாரையும் பாராட்டவில்லை. தாளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அறிக்கை கேட்டால் திறந்து படியுங்கள். படிக்க நேரம் இருக்காது என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமை மாலை அதைக் கேட்காதீர்கள்.