மேல்வாசலும் கீழ்வாசலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்துக்கும் அது இருக்கும் ஊருக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1355 பிப்ரவரி 10. ஆக்ஸ்போர்டில் ஒரு மதுக்கடை. மது மட்டமாக இருக்கிறது என்று மாணவர்கள் குறை சொன்னார்கள். கடைக்காரர் எதிர்த்துப் பேசினார். கோப்பை அவர் மேலேயே பறந்தது. ஊர்க்காரர்கள் ஒரு தேவாலய மணியை அடித்து ஆள் திரட்டினார்கள். மாணவர்கள் இன்னொரு தேவாலய மணியை அடித்தார்கள். மூன்று நாள் கலவரம். பல்கலைக்கழகத்தார் 63 பேர் மாண்டதாகச் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் முப்பது பேர் வரை.

மன்னர் மூன்றாம் எட்வர்டு பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். ஊர்ச் சந்தையின் ரொட்டியையும் மதுவையும் மேற்பார்க்கும் அதிகாரம்கூட அதன் கைக்குப் போனது. அதோடு விட்டார்களா? ஆண்டுதோறும் அதே நாளில் மேயரும் நகரத்தாரும் தேவாலயத்துக்குப் போய், மாண்ட பல்கலைக்கழகத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு பென்னிக் காசு வீதம் 63 பென்னி செலுத்த வேண்டும் என்று ஆனது. 1825 வரை அந்த வழக்கம் நீடித்தது. அடிதடியில் இறங்கியவனின் கொள்ளுப்பேரனுக்குக் கொள்ளுப்பேரனும் அதே அவமானத்தைச் சுமந்தான். மேயருக்குக் கௌரவப் பட்டம் தந்து பல்கலைக்கழகம் சமாதானம் செய்துகொண்டது 1955-இல்தான். அறுநூறு ஆண்டு!

பல்கலைக்கழகத்துக்கும் ஊருக்கும் இன்று நடக்கும் சண்டை நிலத்துக்காகவும் வரிக்காகவும். அமெரிக்காவில் கல்விக்குப் பயன்படும் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குப் பொதுவாகச் சொத்துவரி கிடையாது. தீயணைப்பு வண்டி மட்டும் நகரத்தின் செலவில் வர வேண்டும். தான் இருக்கும் நியூ ஹேவன் நகரத்துக்கு ஆறு ஆண்டுகளில் சுமார் 13.5 கோடி டாலர் தர யேல் பல்கலைக்கழகம் 2021-இல் ஒப்புக்கொண்டது. மனமார வரவேற்கிறேன். ஆனால் அதற்கு 'தன்னார்வப் பங்களிப்பு' என்று பெயர். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடையாகவா கொடுப்பது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கதைதான் என் மனதை விட்டு அகலாதது. நியூயார்க்கின் மார்னிங்சைடு பூங்கா செங்குத்தான சரிவு. மேலே பல்கலைக்கழகம், கீழே கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம். அந்தப் பொதுப் பூங்காவில் உடற்பயிற்சிக்கூடம் கட்ட 1968-இல் தோண்டத் தொடங்கினார்கள். மாணவர்களுக்கு மேல்வாசல், ஹார்லெம் மக்களுக்குக் கீழ்வாசல், அதுவும் கட்டடத்தின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும். 'உங்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோமே' என்பது நிர்வாகத்தின் வாதம். எந்த வாசல் வழியாக அழைக்கிறார்கள் என்பதை ஊர் பார்த்தது. ஹார்லெம் எதிர்த்தது. அந்த ஏப்ரலில் மாணவர்களும் வளாகக் கட்டடங்களைக் கைப்பற்றிப் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

தோண்டிய பள்ளம் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. பிறகு அதைக் குளமாக்கினார்கள். இன்று அங்கே பாறையிலிருந்து ஒரு சிறு அருவி விழுகிறது. நியூயார்க் போகிறவர்கள் அந்தக் கரையில் சற்று நில்லுங்கள். பல்கலைக்கழகம் தோண்டி, ஊரும் மாணவரும் தடுத்து, கடைசியில் தண்ணீர் நிறைந்த இடம் அது.