ஆளிடம் குறையில்லை, ஏற்பாட்டில்தான் கோளாறு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் பஸ் ஆர்லெட், அந்நாட்டின் உச்ச மட்டமான பெரிய லீக்கில் ஒரே ஓர் ஆண்டுதான் ஆடினார்; மற்ற ஆண்டுகளெல்லாம் அதற்குக் கீழே உள்ள சிறு லீக்குகளில்தான். காரணம் அவருடைய குறையா, அன்றைய ஏற்பாடா என்பது தலைப்பு. ஏற்பாடுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், ஆர்லெட்டுக்கு ஃபீல்டிங் வராது என்ற ஒன்றையே பத்து விதமாகச் சொல்லிவிட்டுப் போனார். சரி, ஃபீல்டிங் சுமார்தான். ஆனால் அந்த மனிதர் 1918-இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் ஓக்ஸ் என்ற சிறு லீக் அணிக்குப் பந்து வீசத்தான் வந்தார். 1920-இல் மட்டும் பந்து வீச்சாளராக அவர் கணக்கில் 29 வெற்றி. கை கெட்டுப்போன பிறகுதான் மட்டையே கதி என்று அவுட்ஃபீல்டுக்குப் போனார். அதிலும் இடம், வலம் இரண்டு பக்கமும் நின்று அடித்தார். பாதி வழியில் தொழிலை மாற்றியவரிடம் இதற்கு மேல் என்ன கேட்பீர்கள் ஐயா?

இப்போது ஏற்பாட்டுக்கு வருவோம். அன்று பெரிய லீக் மேற்கே செயின்ட் லூயிஸோடு முடிந்துவிடும். கலிபோர்னியாவில், ஓக்லண்ட் ஆடிய பசிபிக் கோஸ்ட் லீக் என்ற சிறு லீக்தான் ராஜா. வெயில் ஊர் என்பதால் பருவத்துக்கு 200 ஆட்டம்வரை நடக்கும். கூட்டமும் வரும், காசும் வரும். சிறு லீக் அணிகள் அப்போது தனி முதலாளிகளின் வியாபாரம். ஒப்பந்த ஆண்டு முடிந்தாலும் ஆட்டக்காரர் தன் விருப்பத்துக்கு அணி மாற முடியாது. பெரிய லீக் அணிகள் சிறு லீக் அணிகளிடமிருந்து நிர்ணய விலைக்கு ஆள் எடுக்க டிராஃப்ட் என்று ஒன்று இருந்தது. பெரிய லீக்குக்கும் சிறு லீக்குகளுக்கும் இடையிலான 1921 ஒப்பந்தம், சிறு லீக்குகள் அதிலிருந்து விலகிக்கொள்ள வழிவிட்டது. பசிபிக் கோஸ்ட் லீக் விலகிக்கொண்டது. அப்புறம் என்ன, ஓக்லண்ட் முதலாளி சொன்னதுதான் விலை. டிக்கெட் விற்றுத் தருகிற ஆளை யார் மலிவாக விடுவார்?

1930-இல் பெரிய லீக்கின் புரூக்ளின் அணி அவரை வாங்க நெருங்கி வந்தது. அந்த நேரம் பார்த்து ஆட்ட நடுவர் ஒருவர் தன் முகமூடியாலேயே ஆர்லெட்டின் முகத்தில் அடித்துக் காயப்படுத்த, அந்தப் பேச்சும் போயிற்று. நம் நடுவரிடம் முகமூடி இல்லை என்ற தைரியத்தில்தான் நான் நீட்டி முழக்குகிறேன்.

கடைசியில் 1931-இல் பெரிய லீக்கின் ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸ் அணி எடுத்தபோது அவருக்கு 32 வயது. 121 ஆட்டம், மட்டைச் சராசரி .313, அதாவது பத்து வாய்ப்பில் மூன்றுக்கு மேல் நல்ல அடி; கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டி அடிக்கும் ஹோம் ரன் 18. அந்த மைதானம் சின்னது என்பார் எதிரணித் தலைவர். சின்னதுதான். ஆனால் தவறவிட்ட பந்தை ஆளின் கணக்கிலும் அடித்த பந்தை மைதானத்தின் கணக்கிலும் எழுதினால் எப்படி? ஃபில்லிஸ் அவரை விட்டுவிட்டது. 1932-இல் பால்டிமோர் என்ற சிறு லீக் அணிக்கு ஆடி 54 ஹோம் ரன் அடித்தார். ஒரே ஆட்டத்தில் நான்கு என்பதை ஜூன் 1-இல் செய்து காட்டி, ஜூலை 4-இல் மறுபடியும் செய்தார்.

பிறகு ஏன் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை என்கிறார்கள். 33 வயது ஆட்டக்காரர்மீது எந்த அணி பணம் போடும்? இருபதுகள் முழுவதும்தான் ஓக்லண்டின் விலைப்பட்டியலில் கழிந்துவிட்டதே! சிறு லீக்குகளில் அவர் அடித்த ஹோம் ரன் 432. 1984-இல் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தினர், சிறு லீக் வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று இவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்களுக்கும் அவருடைய ஃபீல்டிங் தெரியும், நடுவர் அவர்களே. நன்றி.