வலைக்கு விளக்கு வைப்பது

அலுவலகக் கட்டிடத்துக்கு ஒளிச்சிற்பம் வடிவமைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். விளக்குக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் கயிற்றைப் பற்றிப் பேசவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997-இல் ஜேனட் எக்கல்மேன் என்ற அமெரிக்க ஓவியர் மாமல்லபுரம் வந்தார். கண்காட்சிக்கு வரைய வேண்டும், ஆனால் அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. ஊரோ சிற்பிகளின் ஊர். சரி, வெண்கலத்தில் வார்ப்போம் என்று இறங்கினால், பெரிதாகச் செய்ய எடையும் செலவும் இடம் கொடுக்கவில்லை. அப்புறம்தான் கடற்கரையில் மீனவர்கள் வலையைக் குவிப்பதைப் பார்த்தார். இவ்வளவு பெரிய உருவம், எடையே இல்லை! அந்த மீனவர்களோடு சேர்ந்தே முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார்.

2015-இல் பாஸ்டனில் அவர் கட்டிய வலை மூன்று உயரக் கட்டிடங்களுக்கு நடுவே, சாலைக்கு மேலே தொங்கியது. சுமார் 100 மைல் கயிறு, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள். எடை ஏறக்குறைய ஒரு டன்தான். ஆனால் அது கட்டிடங்களை இழுக்கும் விசை 100 டன்னைத் தாண்டலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

இது எப்படி என்று மாணவர்கள் கேட்பார்கள். வீட்டுத் துணிக்கொடியைப் பாருங்கள். தொய்வாக இருந்தால் ஆணிக்குக் கவலையில்லை. விறைப்பாக இழுத்துக் கட்டி ஒரு ஈர வேட்டியைப் போடுங்கள், ஆணி சுவரோடு பெயர்ந்து வரும். இதில் காற்றும் சேர்ந்தால்? அதனால்தான் கட்டிடத்தின் தூணும் உத்திரமும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் நான் பென்சிலையே எடுப்பதில்லை. முகப்பில் பளபளக்கும் கண்ணாடியும் கிரானைட்டும் ஒரு கிலோவைக்கூடத் தாங்க வந்தவை அல்ல.

இனி விளக்கு. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2009-இல் எக்கல்மேன் அமைத்த வலைக்கு, கோடை இரவுகளில் குளிர்ந்த நிறங்கள், குளிர்காலத்தில் கதகதப்பான நிறங்கள். வெயில் கொளுத்துகிற ஊருக்குப் பொருத்தம்தான். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு: வெளிச்சம் வலை முழுவதையும் தொடாது. தேய்பிறை மாதிரி ஒரு பகுதி இருட்டிலேயே நிற்கும்.

இந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை. என் முதல் வேலை ஒரு அலுவலக வாசலில். நாலு பக்கமும் விளக்கை அடித்துவிட்டேன். சிற்பத்துக்கு நிழலே இல்லை, மிட்டாய்க்கடை போர்டு போலத் தட்டையாகிவிட்டது. முதல் மழைக்கு ஈசல் வேறு. காலையில் காவலாளி இறகுகளை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். "சார், ராத்திரி எட்டு மாடியிலும் லைட் எரியும். இதுக்குத் தனியா எதுக்கு இவ்வளவு?" என்றார்.

மறுநாளே பாதி விளக்குகளைக் கழற்றினேன். இப்போதெல்லாம் இடம் பார்க்க இரவில்தான் முதலில் போகிறேன். பேசுவதும் காவலாளியிடம்தான்.